அஜ்மீர், நாகௌர் சியாரத்: டிசம்பர் விடுமுறையில் போகலாமா?

ஐந்துசந்தி:
அஸ்ஸலாமு அலைக்கும். 2026 டிசம்பர் பள்ளிக்கூட விடுமுறைக்கு உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராஜஸ்தானில இருக்கிற அஜ்மீருக்கும், அங்கயிருந்து நாகௌர் ஹமீதுத்தீன் சூஃபி தர்காவுக்கும் சியாரத் (பெரியாரின் அடக்கத்தலத்தைத் தரிசிக்க) போக யோசிக்கிறம். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கனதூரம் நடக்க ஏலாது. யாழ்ப்பாணத்திலயிருந்து எந்தப் பாதை சுகம்? நாகௌரில் இரவு தங்கலாமா?

நாவாந்துறை:
வஅலைக்கும் ஸலாம். டிக்கெட் எடுக்க முதல் பிறைக் கணக்கைப் பாருங்கோ. அஜ்மீர் தர்காவில் அடங்கியிருக்கிற காஜா முயீனுத்தீன் சிஷ்தியின் உரூஸ் (நினைவு விழா) ரஜப் மாதம் 1 தொடக்கம் 6 வரை. 2026இல் அது டிசம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டி வருது. தர்காவின் ஜன்னத்தி வாசல் (சொர்க்க வாசல்) அந்த நாட்களில் திறக்கிறதால நெரிசல் கடுமை. முழங்கால் வருத்தக்காரர் அதுக்குள்ள நிக்கவே ஏலாது. ரஜப் 9 தாண்டினாப் பிறகு, டிசம்பர் 20க்குப் பிந்திப் போய்ச் சேருங்கோ.

பலாலி விமான நிலையத்திலயிருந்து சென்னை, அங்கயிருந்து உள்நாட்டு விமானத்தில் ஜெய்ப்பூர், பிறகு காரில் ஏறத்தாழ 135 கி.மீ. ரெண்டு டிக்கெட்டும் தனித்தனியா எடுத்தால் சென்னையில் குடிவரவு முடிச்சு, பொதிகளை எடுத்துத் திரும்பவும் குடுக்க வேணும். நாலு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கோ. டிசம்பரில் வடக்கே பனிமூட்டத்தால விமானங்கள் பிந்தும், அதனால திரும்பி வரேக்க சென்னையில் ஒரு இரவு தங்குற மாதிரித் திட்டமிடுறதுதான் புத்தி. ரயில் ஒன்றரை நாள் எடுக்கும், உம்மாவோட வேண்டாம்.

ஈ-விசா பிள்ளைகளுக்கும் தனித்தனி. இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கோ. அதே தோற்றத்தில் கூடுதல் காசு வாங்குற தரகர் தளங்கள் நிறைய இருக்கு. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேணும்.

தங்குமிடம்தான் கனபேர் மாட்டுப்படுற இடம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோட வாறவையின் விபரத்தை ஹோட்டல்காரர் 24 மணித்தியாலத்துக்குள்ள 'சி' படிவத்தில் பதிய வேணும். அந்த வசதி இல்லாத சின்ன விடுதிகள் வாசலிலயே திருப்பி அனுப்பும். பதிவு செய்ய முதல், இலங்கைப் பாஸ்போர்ட் எண்டு சொல்லிக் கேளுங்கோ. நாகௌரில் இந்தச் சிக்கல் கூட. அஜ்மீரில் தங்கி விடிய வெளிக்கிட்டால் மூன்று மணித்தியாலத்தில் போகலாம், பின்னேரமே திரும்பிவிடலாம்.

அஜ்மீரில் கார் தில்லி கேட்டோட நிண்டுவிடும். பிறகு தர்கா பஜாருக்குள்ளால தர்காவின் பெரிய வாசலான நிஜாம் கேட் வரை நெருக்கமான தெரு. உம்மாவுக்காக நிஜாம் கேட்டுக்குக் கிட்டவே, லிஃப்ட் உள்ள இடமாப் பாருங்கோ. வியாழன் பின்னேரமும் வெள்ளியும் தவிருங்கோ. சுபஹு (விடியத் தொழுகை) முடிஞ்ச பிறகான நேரம் அமைதி. பிற்பகலில் கித்மத்துக்காக (பணிவிடைக்காக) மஸார், அதாவது அடக்கத்தலம், கொஞ்ச நேரம் மூடப்படும். அந்த நேரத்தில் போனால் வெளியில் காத்திருக்க வேண்டிவரும்.

போர்வை, பூக்கூடை ரெண்டுக்கும் விலை பேசி முடிச்ச பிறகுதான் கையில் வாங்குங்கோ. காதிம்மார் (தர்காப் பணியாளர்) காணிக்கைப் பதிவுப் புத்தகத்தை நீட்டுவினம். எவ்வளவு குடுக்கிறது எண்டதை விடுதியிலயே முடிவு செய்து, அந்தக் காசைத் தனியா வையுங்கோ. குடுக்கிறது உங்கட விருப்பம். வற்புறுத்தினால் ஸலாம் சொல்லி நடவுங்கோ.

பண்ணைக்கடல்:
நாகௌர் பற்றி. ஹமீதுத்தீன் நாகௌரி என்ற பெயரில் ரெண்டு பெரியார் இருக்கினம். காஜாவின் முரீதான (சீடரான) சூஃபி ஹமீதுத்தீன் (மறைவு 1274) நாகௌரில் அடங்கியிருக்கிறார். காழி ஹமீதுத்தீன் தில்லி மெஹ்ரவுலியில், குத்புத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவில். இணையத்தில் ரெண்டு பேரின் சரிதையும் கலந்து கிடக்கு.

சூஃபி ஹமீதுத்தீன் ஒரு பிகா அளவு சின்ன நிலத்தை உழுது பிழைச்சவர். சுல்தான் அனுப்பின வெள்ளிக்காசையும் ஊரையும் வேண்டாமெண்டவர், இறைச்சி தொடாதவர். அங்க நேர்ச்சை வைக்கிறதெண்டால் இனிப்போ சோறோ வையுங்கோ, இறைச்சி வேண்டாம். உள்ளே போக முதல் துக்ளக் காலத்து அந்தப் பெரிய வாசலை நிண்டு பாருங்கோ, அவ்வளவு நுணுக்கமான கல்வேலை.

நாகௌர் தார்ப் பாலைவனத்தின் ஓரம், அதனால பகல் வெயில் இதமா இருந்தாலும் இரவில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். யாழ்ப்பாணத்து ஸ்வெட்டர் காணாது. விடியக் கல்தரை சில்லெண்டு இருக்கும், செருப்பில்லாமல் நிக்கிறதால உம்மாவுக்குத் தடிச்ச காலுறை கட்டாயம். காற்று வறட்சி, தாகம் தெரியாமலே உடம்பில் தண்ணி குறையும். ஜீவனி (தண்ணியில் கரைச்சுக் குடிக்கிற உப்புத்தூள்) கொண்டு போங்கோ.

ஐந்துசந்தி:
ஜஸாகல்லாஹ் ஹைரன். தொழுகை நேரம் எப்படி?

நாவாந்துறை:
அங்க ஹனபி மத்ஹப் (சட்டப் பிரிவு). அஸர் (பின்னேரத் தொழுகை) ஜமாஅத் எங்கட ஷாபிஈ நேரத்தைவிடப் பிந்தித்தான் நடக்கும். நாகௌர் போற நாளில் லுஹரோட (நடுப்பகல் தொழுகையோட) அஸரை ஜம்உ, கஸ்ரா, அதாவது சேர்த்தும் சுருக்கியும் தொழுதுவிட்டால் வழியில் இடம் தேடத் தேவையில்லை. ஆனால் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நாலு ரக்அத்தும் முழுசாத் தொழ வேணும். நாகௌரில் சின்னக் கடைகளில் கைபேசியாலதான் காசு கட்டுவினம். உங்களுக்கு அது சரிவராமல் போகலாம், 50, 100 ரூபா தாள்களை ஜெய்ப்பூரிலயே மாத்தி வையுங்கோ.