டெமாக் பள்ளிவாசல்: மரச்சிராயில் செய்த தூண் உண்மையா?

கேள்வி (தச்சுப்பட்டறை):
அப்பாவோடு 12 வருஷமாக மரவேலை செய்கிறேன். ஜாவாவில் டெமாக் என்ற ஊரின் பழைய பள்ளிவாசலில், 16 மீட்டர் உயரத் தூண் ஒன்றை வெறும் சிராய்களைச் சேர்த்தே செய்ததாகப் படித்தேன். அப்பா நம்பவே மாட்டேன் என்கிறார். நேரில் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில் (செமராங்கில் இருந்தவன்):
பார்த்திருக்கிறேன் தம்பி. செமராங் நகரத்திலிருந்து தேக்குச் சாமான் வாங்க ஜெபாரா ஊருக்குப் போகும் வழியில்தான் டெமாக். ஒவ்வொரு முறையும் அங்கே இறங்கிவிடுவேன்.

நடுவில் நான்கு பெரிய தூண்கள். 'சோகோ குரு' என்பார்கள். ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது வலிமார்களில் (இறைநேசர்களில்) நால்வர் ஆளுக்கொன்று கொடுத்ததாக ஐதீகம். வடகிழக்குத் தூண் அவர்களில் ஒருவரான சுனான் காலிஜாகாவுடையது. அவருக்கு முழு மரம் அமையவில்லை. மற்றவர்கள் செதுக்கிப் போட்டதைத் திரட்டி ஒரே இரவில் தூணாக்கினார் என்பது கதை. சிராய் என்றதும் இழைப்புச் சுருளை நினைக்காதீர்கள். துண்டு மரங்களை இறுக்கிச் சேர்த்த வேலை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே இரவை விட்டுவிட்டால், அப்பாவுக்கும் இது புரிகிற வேலைதான்.

பாரமும் முழுதாக அந்த நான்கின் மேல் இல்லை. கூரை மூன்று அடுக்கு. உச்சி அடுக்கை இந்த நான்கு தாங்குகின்றன, கீழ் அடுக்குகளைச் சுற்றியுள்ள தூண்கள் வாங்கிக்கொள்கின்றன. அடுக்குகளின் இடைவெளியில் சூடு வெளியேறிவிடும். உச்சிவெயிலில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. குவிமாடம் கிடையாது. பக்கத்தில் நிற்கும் இரும்பு மினாராகூட 1932இல் வந்ததுதான்.

பதில் (பழங்கணக்கு):
மிஹ்ராபில் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தில்) இருக்கும் ஆமை உருவத்தை விட்டுவிட்டீர்களே! தலை 1, கால் 4, ஓடு 0, வால் 1. சேர்த்துப் படித்தால் சக வருஷம் (பழைய இந்திய ஆண்டுக்கணக்கு) 1401, அதாவது கி.பி. 1479. கட்டிய ஆண்டை அப்படிப் பொறித்ததாகச் சொல்வார்கள். பள்ளிவாசலில் சக ஆண்டுக் கணக்கைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

தச்சுப்பட்டறை:
நன்றி அண்ணா. இப்போது நிற்பது அதே பழைய மரமா?

செமராங்கில் இருந்தவன்:
1980களில் பழுதான பகுதிகளை மாற்றினார்கள் தம்பி. எடுத்த மரத்தை வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்திலேயே வைத்திருக்கிறார்கள். உளுத்துக் கறுத்த அந்தத் துண்டுகளுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அப்பாவைக் கூட்டிப் போனால் முதலில் அங்கே போங்கள், பள்ளிக்குள் அப்புறம் போகலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் தூண் பக்கம் போக முடியாது.

தச்சுப்பட்டறை:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "உளுத்தது அடிப்பக்கமா, நடுவிலா? கேளு" என்கிறார்.