மே 16-ல் வந்த கூட்டாளிக்கு எட்டு மாதமா, ஏழரை மாதமா?

செந்தூல் தம்பி:
நேற்று ஒருவர் இங்கே, "40,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டவரும் 30,000 போட்டவரும் லாபத்தை 4:3 என்று பிரித்துக்கொள்ள வேண்டும், பேச்சே இல்லை" என்று எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. என் அண்ணன் ஜனவரியில் 40,000 வெள்ளி போட்டு கோலாலம்பூர் செந்தூலில் பலகாரக் கடை திறந்து நாலரை மாதம் ஒற்றை ஆளாக முறுக்குப் பிழிந்தார். கூட்டாளி மே 16-ஆம் தேதிதான் 30,000 வெள்ளியோடு வந்தார். வருட லாபம் 36,000 வெள்ளி. அந்த நாலரை மாதத்துக்கு மதிப்பே இல்லையா?

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது தம்பி. போட்ட முதலீட்டை மாதத்தால் பெருக்க வேண்டும். 40,000 × 12 = 480,000. மே முதல் டிசம்பர் வரை எட்டு மாதம், 30,000 × 8 = 240,000. ஆக 2:1. லாபம் 36,000 என்றீர்களே, அண்ணனுக்கு 24,000, அவருக்கு 12,000. பள்ளிக்கூடக் கணக்கு.

செந்தூல் தம்பி:
மே 16 என்றேனே அண்ணே! ஏழரை மாதம். 225,000 தான் வரும், விகிதம் 32:15. அவருக்கு 11,489 வெள்ளி. மிச்சம் 511 வெள்ளியை நீங்களா கொடுக்கப் போகிறீர்கள்?

பட்டர்வொர்த் அக்கா:
இரண்டு பேரும் எதையோ பெருக்குகிறீர்கள். ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லையென்றால் மலேசியாவின் 1961 பங்காண்மைச் சட்டம், 26-ஆம் பிரிவு: சரிபாதி. ஆளுக்கு 18,000. முறுக்குப் பிழிந்ததற்குச் சம்பளம்கூடக் கேட்க முடியாது.

செந்தூல் தம்பி:
விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவருக்கும் பாதி, பணத்தை நீட்டிவிட்டுப் போனவருக்கும் பாதியா? என்ன சட்டம் அக்கா இது!

கணக்குப்பிள்ளை:
அக்கா எப்போதும் இப்படித்தான். போன வருடம் நான் கூட்டுப் பணக் கணக்கு, அதாவது சீட்டுக் கணக்கு, கேட்டபோதும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை நான் மறக்கவில்லை. சரி, தம்பி, வந்த மாதம் முழு மாதம். எட்டு.

பட்டர்வொர்த் அக்கா:
கூட்டு பிடிப்பதை 1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். பணம் போனவர்கள் என்னிடம் வந்து அழுதார்கள், உங்களிடம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
பேச்சை மாற்றாதீர்கள். முப்பது வருடம் கடைக் கணக்கு எழுதியவன் நான். தம்பி, மே மாதக் கடை வாடகையில் அவர் பாதி கொடுத்தாரா? முழு மாத வாடகையில் பாதி கொடுத்திருந்தால் முழு மாதப் பங்கு. அப்புறம் என்ன ஏழரை? எட்டுதான்.

செந்தூல் தம்பி:
வாடகை கொடுத்தார், ஜூனிலிருந்து. அண்ணன் கணக்கு எழுதும் சின்ன 555 நோட்டு இப்போது என் கையில் இருக்கிறது. எண்ணெய்க் கறைக்கு மேலே பச்சை மையில் "16/5, 30,000" என்று கூட்டாளியே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
கையெழுத்து பணத்துக்கு, மாதத்துக்கு இல்லை. எட்டு.

பட்டர்வொர்த் அக்கா:
அந்த நோட்டில் லாபப் பங்கைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையே. சரிபாதி.

செந்தூல் தம்பி:
16 என்று இருக்கிறது அக்கா. 1 என்று இல்லை.