ரீஃபர் வண்டிக்கு லைவ் டெம்பரேச்சர் மீட்டர்: போட்ட காசு திரும்புமா?

கம்பம்_ரூட்:
அவசரம், நாளைக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணும். எங்க 6 ரீஃபர் (குளிர்பெட்டி) வண்டியில ஒண்ணுக்கு லைவ் மீட்டர், அதாவது பெட்டிக்குள்ள இருக்குற சூட்டை சிம் கார்டு வழியா அப்பப்போ போனுக்கு அனுப்புறது, ட்ரையல் போட்டிருக்கோம். செட் பண்ணினது -18 டிகிரி, ஆனா -9 வரை ஏறி அலாரம் அடிக்குது. கடைகள்ல சரக்கைத் திருப்புறாங்க. மீட்டர் 9,000, மாசம் 400. மீதி 5 வண்டிக்கும் வாங்கலாமா?

பனிப்பெட்டி:
என்ன சரக்கு? இன்ஜின்ல ஓடுற கம்ப்ரஸரா, ராத்திரி கரண்ட்ல உறைய வச்சு பகல் முழுக்கக் குளிர் கொடுக்குற யூடெக்டிக் பிளேட்டா? சென்சார் எங்க இருக்கு? எத்தனை மணிக்கு ஒருக்கா ஏறுது?

கம்பம்_ரூட்:
ஐஸ்கிரீம். இன்ஜின் கம்ப்ரஸர். சென்சார் குளிர் காத்து வர்ற காயில் பக்கத்துல. 4 மணி நேரத்துக்கு ஒருக்கா, நடுவுலயும் சில தடவை.

பழைய_மெக்கானிக்:
இதையெல்லாம் முதல்லயே எழுதத் தெரியாதா தம்பி? மீட்டரை விடுங்க. கதவிடுக்குல ஒரு தாளை வச்சுச் சாத்தி இழுங்க. சுளுவா உருவிட்டு வந்தா கேஸ்கெட் (கதவு ரப்பர்) போச்சு. சிம் கார்டு போட்டா பெட்டி குளிராது.

பனிப்பெட்டி:
கேஸ்கெட் பாருங்க, சரிதான். ஆனா 4 மணிக்கு ஒருக்கா 20-30 நிமிஷம் ஏறுறது டீஃப்ராஸ்ட். காயில்ல படிஞ்ச பனியை உருக்குற சூட்டைத்தான் சென்சார் அளக்குது, சரக்கை இல்ல. அதைக் கதவோரம் கடைசிப் பெட்டிகளுக்கு நடுவுல வைங்க. அலாரத்துக்கு 30 நிமிஷத் தாமதம் கொடுங்க. மாத்துமுன்ன ஃபிளாஸ்க்ல நொறுக்கின ஐஸ் நிறைய, தண்ணி கொஞ்சம் போட்டு, சுவத்துல படாம சென்சாரை 5 நிமிஷம் வைங்க. 0 காட்டணும், இல்லன்னா சென்சாரே தப்பு.

லாகர்_போதும்:
லைவ் எதுக்கு? டெம்பரேச்சரைப் பதிஞ்சு மட்டும் வைக்குற யூஎஸ்பி லாகர் போட்டு ராத்திரி கம்ப்யூட்டர்ல பாருங்க. மாச வாடகை மிச்சம்.

பனிப்பெட்டி:
ராத்திரி பார்த்தா உருகிப்போனதுதான் தெரியும். சாப்பாட்டுக்கு இன்ஜினை நிறுத்தினா கம்ப்ரஸரும் நிக்கும். சரக்கு உருகுமுன்ன டிரைவருக்கு போன் போகணும்.

லாகர்_போதும்:
குமுளி மலைப்பாதையில டவர் இல்லன்னா உங்க லைவும் ஊமைதான்.

பனிப்பெட்டி:
மெமரி உள்ள மாடல் டவர் வந்ததும் அனுப்பிடும். ஆன்டெனா பெட்டிக்கு வெளிய இருக்கணும், தகரத்துக்குள்ள சிக்னல் வராது.

குளிர்_கணக்கு:
கேட்டது கணக்கு, அதுக்கு வாங்க. 5 வண்டிக்கு முதல் வருஷம் 69,000, அப்புறம் வருஷம் 24,000. திரும்பின சரக்குல வண்டியால கெட்டது எவ்வளவு, கடை ஃப்ரீசரால கெட்டது எவ்வளவுன்னு பிரிச்சீங்களா? இறக்கும்போது கடை ஃப்ரீசர் டெம்பரேச்சரையும் பில்லுல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. அது இல்லாம மீட்டர் கிராஃபை மட்டும் காட்டி, கடை கேக்குற நஷ்டக் கிளெய்மைத் தள்ளுறது கஷ்டம். ஊருக்குள்ள 30 கடைக்குக் கதவு திறக்குற வண்டிக்கு முதல்ல ஸ்ட்ரிப் கர்ட்டன் (கதவுல தொங்குற பிளாஸ்டிக் பட்டைத் திரை) போடுங்க. லைவ் லாங் ரூட்டுக்கு மட்டும்.

கம்பம்_ரூட்:
சென்சாரை மாத்தினோம், 4 மணி நேரத்துக்கு ஒருக்கா அடிச்ச அலாரம் நின்னுடுச்சு. மதியம் 1:40-க்கு மட்டும் தினம் ஏறுது, டிரைவர்கிட்ட கேக்கணும். 2 வண்டிக்கு ஆர்டர் போட்டாச்சு. நன்றி அண்ணே.

பழைய_மெக்கானிக்:
கேஸ்கெட் பார்த்தீங்களா?