டே/நைட் மோடு: "இரவு முறை" பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

கண்காணிப்புக் கேமராவின் அமைப்புப் பட்டியலைத் தமிழாக்குவது பற்றி வந்த பரிந்துரைகளில் முதலில் இரண்டைப் பற்றியும், பிறகு வேறு சில சொற்களைப் பற்றியும் எழுதுகிறேன்.

> டே/நைட் மோடு = பகல்/இரவு முறை. சுருக்கமாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

சுருக்கம்தான். ஆனால் இந்த மோடில் கேமரா வண்ணப் படத்துக்கும் கருப்பு-வெள்ளைக்கும் இடையே கடிகாரத்தைப் பார்த்து மாறுவதில்லை, வெளிச்சத்தைப் பார்த்து மாறுகிறது. சன்னல் இல்லாத கிடங்கில் விளக்கை அணைத்தால் நண்பகலிலும் படம் கருப்பு-வெள்ளையாகிவிடும். விளக்குகள் நன்றாக எரியும் தெருவில் நள்ளிரவிலும் வண்ணத்திலேயே இருக்கும். அப்போது "பகல்" என்று திரையில் வந்தால் பயனர் என்ன நினைப்பார்? கேமராவின் நேரம் தவறாக இருக்கிறது என்று அதைத் திருத்தப் போய்விடுவார். பல கேமராக்களில் நேர அட்டவணைப்படி மாற்றும் வசதியும் தனியாக உண்டு. பகல், இரவு என்ற சொற்கள் உண்மையில் தேவைப்படும் இடம் அதுதான். அவற்றை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன எழுதுவது?

> நைட் மோடில் கலர் போய்விடுகிறது. "நிறநீக்க முறை" சரியாக இருக்கும்.

இதை நான் அழுத்தமாகவே மறுக்கிறேன். நிறநீக்கம் என்பது படத்தொகுப்பு மென்பொருளில் நடப்பது: இருந்த நிறத்தை எடுத்துவிடுகிறோம். கேமராவில் நடப்பது வேறு. படத்தைப் பதியும் அதன் சிலிக்கான் உணரிக்கு (சென்சாருக்கு), நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியும் தெரியும். ஒளியின் அலைநீளத்தில் சொன்னால், நம் பார்வை ஏறக்குறைய 700 நானோமீட்டரில் முடிகிறது; உணரியின் பார்வை 1000 வரை நீளும். வெளிச்சம் போதுமானபோது அந்த ஒளி உள்ளே வந்தால் நிறங்கள் கெட்டுப்போகும். கருப்புத் துணி ஊதாச் சாயலில் தெரியும். அதனால் உணரியின் முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி நின்று அதைத் தடுக்கிறது. இருட்டியதும் சின்ன "டிக்" ஓசையுடன் அந்தக் கண்ணாடி விலகுகிறது. கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன. பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர். முதலாவது மங்கிய சிவப்புப் புள்ளியாகத் தெரியும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதே திறனில் அவ்வளவு தூரம் எட்டாது.

உணரியின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மூன்றும் இந்த ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் கடத்துகின்றன. ஆகவே நிறத்தைப் பிரித்தறியவே வழியில்லை. நீக்குவதற்கு நிறம் என்று ஒன்று அங்கே பதிவாவதில்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பதிவைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில சாயங்கள் அகச்சிவப்பை நன்றாகப் பிரதிபலிக்கும். கருப்புச் சட்டை அந்தப் படத்தில் வெளுப்பாகத் தெரியக்கூடும். "நிறநீக்கம்" என்று படித்தவர், நிறம் மட்டும்தான் இல்லை, கருமையும் வெளுப்பும் உள்ளபடியே இருக்கின்றன என்று நம்பிவிடுவார். தவறான ஆள்மேல் சந்தேகம் விழ அது போதும்.

என் பரிந்துரை இது. தேர்வுகளுக்குப் படத்தின் தோற்றத்தையே பெயராக வைப்போம்: "வண்ணம்", "கருப்பு-வெள்ளை". திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போதே எல்லோருக்கும் பழகிய இணை இது. கறுப்பா கருப்பா என்பதில் எனக்கு வழக்கில்லை, ஒரே எழுத்து முழுக்க வந்தால் சரி. மூன்றாவது தேர்வான ஆட்டோவுக்குத் "தானியங்கி" என்பதைவிட "ஒளிக்கேற்ப" நல்லது. எதைப் பார்த்து மாறுகிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. தலைப்பில் "பயன்முறை" தேவையில்லை, "பட நிறம்" போதும். பெரிய துளை கொண்ட லென்சும் வெள்ளை விளக்கும் வைத்து இருட்டிலும் நிறம் காட்டும் கேமராக்களுக்கு "முழுநேர வண்ணம்" என்று சேர்த்துக்கொள்ளலாம். "இரவு முறை" அங்கே அறவே பொருந்தாது.

வண்ணத்திலேயே பூட்டி வைப்பவருக்கு ஒரு துணைக்குறிப்பும் வேண்டும்: "வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளிகள் பெருகும், அசைபவை மங்கலாகும்." இதைச் சொல்லாமல் தேர்வை மட்டும் கொடுப்பது சரியில்லை.

அடுத்து அந்தக் கண்ணாடி. "ஐஆர் கட் ஃபில்டர்" என்பதை "அகச்சிவப்பு வெட்டு வடிகட்டி" என்று எழுதியிருக்கிறோம். "அகச்சிவப்புத் தடுப்பி" போதும். வெவ்வேறு நிறுவனங்களின் கேமராக்கள் ஒத்தியங்க உதவும் ஆன்விஃப் (ONVIF) நெறிமுறையில் இதற்கு ஆன், ஆஃப், ஆட்டோ என்று மூன்று நிலைகள். ஆன் என்றால் கண்ணாடி முன்னே நிற்கிறது, படம் வண்ணத்தில் வரும். ஆஃப் என்றால் விலகிவிட்டது. "அகச்சிவப்பு: இயக்கு" என்று யாராவது சுருக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். "தடுப்பி உள்ளே", "தடுப்பி வெளியே" என்று எழுதினால் குழப்பமில்லை. உடல் வெப்பத்தைப் படமாக்கும் கேமரா முற்றிலும் வேறு வகை. அதற்கு "வெப்பப்படக் கேமரா" என்பதைத் தனியே காப்போம்.

எந்த வெளிச்சத்தில் படம் மாற வேண்டும் என்று வைக்கும் "சென்சிட்டிவிட்டி" என்பதை "உணர்திறன்" ஆக்கினால், கூட்டினால் சீக்கிரம் மாறுமா தாமதமாக மாறுமா என்று தெரியாது. "மாறும் வெளிச்ச அளவு" என்று விரித்தே எழுதலாம். கடந்து போகும் வண்டியின் முகப்பு விளக்குக்கெல்லாம் படம் மாறி மாறித் துள்ளாமல் இருக்கச் சில நொடிகள் பொறுக்கும் அமைப்புக்குத் "தாமதம்" என்று இருக்கிறது. அது பழுதுபோல் ஒலிக்கிறது. "காத்திருப்பு நேரம்" எப்படி? கேமரா நிறுவும் வேலையில் இருப்பவர்கள் இதற்கு வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.