பழைய மடக்கு சைக்கிளுக்கு மோட்டார், பெங்களூருவில் யாராவது செய்திருக்கிறீர்களா?

ஜெயநகரிலிருந்து கோரமங்களாவில் ஆபீஸ், போகவர தினமும் பதினைந்து கிலோமீட்டர். வீட்டில் 20 அங்குலச் சக்கர மடக்கு சைக்கிள் தூசி படிந்து கிடக்கிறது, முன்சக்கரத்தில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) போட்டால் தாங்குமா? லைசென்ஸ் வேண்டுமா?

மிதிவண்டிக்காரன்:
முதலில் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையை, அளந்து பாருங்கள் பாஸ். சாதாரண மோட்டார் அச்சுக்கு 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், சில மடக்கு சைக்கிளில் 74தான் இருக்கும், எனக்கு மோட்டார் வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. அலுமினிய ஃபோர்க் என்றால் டார்க் ஆர்ம் (அச்சு சுழலாமல் பிடிக்கும் இரும்புப் பட்டை) இல்லாமல் போடவே போடாதீர்கள், அச்சு சுழன்று சக்கரமே கழன்றுவிடும். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸ், பதிவு தேவையில்லை.

பானு:
36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 360 வாட்-அவர். கொஞ்சம் மிதித்தால் 30 கிலோமீட்டர் ஓடும். பிரேக்கை மாற்றாமல் மோட்டாரைத் தொடாதீர்கள், நம் ஊர் மழையில் பழைய ரப்பர் கட்டை பிடிக்காது.

கேட்டவர்:
அளந்தேன். 74. சரி, பின்சக்கரத்தைப் பார்க்கிறேன்.