தாத்தா விமானம்: எலிவேட்டர் விரிசல்

அக்கா: [3 படங்கள்]
அக்கா: இடது எலிவேட்டர் (வால்ல மேல கீழ ஆடுற பலகை), நடு ஹிஞ்ச் (கீல்). ஹிஞ்ச் பிராக்கெட் உட்கார்ற இடத்துல ஸ்பார் (உள்ள நீளமா ஓடுற தாங்கு சட்டம்) விரிசல் விட்டிருக்கு. ரிவெட்டைச் (தகடுகளைச் சேர்க்கிற ஆணி) சுத்தி கறுப்பா இருக்கு. ஞாயிறு பறக்கலாமா?

அத்தை: ஐயோ

பெரியப்பா: கேன்சல்.

அத்தை: எல்லாரையும் கூப்பிட்டாச்சே அண்ணா

சித்தப்பா: பறக்கவே கூடாது. அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு இல்லம்மா. ரிவெட் தளர்ந்து ஆடினா அலுமினியம் உரசி வர்ற பொடி. துடைச்சாலும் திரும்ப வரும்.

தம்பி: பாப் ரிவெட் (ஒரு பக்கத்துலேர்ந்தே இழுத்து அடிக்கிறது) நாலு அடிச்சா?

சித்தப்பா: கூடாதுடா. கடையில கிடைக்கிற பாப் ரிவெட் பலம் தாங்குற இடத்துக்கு ஆகாது. கெட்டி ரிவெட்தான், ஏஎன்470ஏடி4, 1/8 அங்குலம்.

பெரியப்பா: அப்பவே வித்திருக்கலாம். சொன்னேன்.

அத்தை: மறுபடியும் ஆரம்பிக்காதீங்க

சித்தப்பா: முதல்ல காரணத்தைப் பாருங்க. எலிவேட்டரைக் கழட்டி, ஸ்டெபிலைசர்ல (எலிவேட்டர் தொங்குற அசையாத வால் பகுதி) இருக்கிற ஹிஞ்ச் ஓட்டை எல்லாத்துலயும் ஒரே நேர் கம்பியை நுழைங்க. தடையில்லாம போகணும். நடு ஓட்டை கோட்டை விட்டு விலகியிருந்தா, எலிவேட்டர் மேல கீழ போற ஒவ்வொரு தடவையும் பிராக்கெட் ஸ்பாரை வளைச்சிருக்கும். அதை விட்டுட்டு விரிசல் மேல ஒட்டுப் பட்டை மட்டும் போட்டா, பட்டை ஓரத்துல கிழியும்.

அக்கா: கம்பி இருக்கு

தம்பி: ஹாங்கர் சாவி யார்கிட்ட?

சித்தப்பா: அப்புறம் டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டுற சாயம்) போட்டு விரிசலோட உண்மையான நுனியைக் கண்டுபிடிங்க, கண்ணுக்குத் தெரியறதைவிட நீளமா இருக்கும். நுனியில 3/32 அங்குல ஓட்டை போட்டா அதுக்கு மேல ஓடாது. பட்டை 2024-டி3 அலுமினியத் தகடு. ஸ்பார் தடிமனே போதும், ஒரு படி கூட இருந்தாலும் சரி. விரிசலைத் தாண்டி ரெண்டு பக்கமும் ரிவெட் விழணும். ஓரத்துலேர்ந்து ரிவெட் நடு வரைக்கும் குறைஞ்சது 1/4 அங்குலம், ரிவெட்டுக்கு ரிவெட் 3/8. மூலையை உருட்டி விடுங்க. 30ம் நம்பர் டிரில். பிசிறு எடுத்து, ரெண்டு முகத்துலயும் பிரைமர் அடிச்ச பிறகுதான் ரிவெட். ரிவெட்டை அடிச்சு நசுக்கின பக்கத்துத் தலை 3/16 அகலம், 1/16 உயரம் வரணும்.

அத்தை: 👍

தம்பி: பழைய ஓட்டை நீளமாயிருக்கு சித்தப்பா

சித்தப்பா: அப்போ ஒரு அளவு பெரிய ரிவெட், ஏடி5, 21ம் நம்பர் டிரில். ஆனா ஓரம் 5/16 இருக்கணும். இல்லன்னா ஸ்பார்ல அந்தத் துண்டையே மாத்தணும்.

பெரியப்பா: செலவு யாரு?

அக்கா: பெரியப்பா, அப்புறம் பேசலாம்

அத்தை: ஞாயிறு சாப்பாடு மட்டும் வெச்சுக்கலாமா

சித்தப்பா: ஹிஞ்ச் போல்ட் சுழலும். அங்க நைலான் நட் மட்டும் போடாதீங்க. ஓட்டை போட்ட ஏஎன்3 போல்ட், காசில் நட் (வெட்டு விட்ட நட்), அது கழலாம பூட்ட காட்டர் பின். பெயின்ட் காய்ஞ்சதும் எலிவேட்டர் பேலன்ஸ் பாருங்க. ஹிஞ்சுக்குப் பின்னாடி கூடுற எடை ஃப்ளட்டரைக் (பறக்கும்போது வர்ற கட்டுக்கடங்காத அதிர்வு) கூப்பிடும், மேனுவல் வரம்பைத் தாண்டக் கூடாது.

அக்கா: எஞ்சினியர் கையெழுத்து?

சித்தப்பா: அவர் பார்க்காம டிரில்லையே எடுக்காதீங்க. பட்டை வரைஞ்சு முதல்ல அவருக்கு அனுப்பு.

அக்கா: சரி. நாளைக்கு அனுப்பறேன்

தம்பி: சாவி???

அத்தை: உங்க பெரியப்பாகிட்டதான் இருக்கும்

பெரியப்பா: தேடிப் பாக்கறேன். ஞாயிறு வேண்டாம், அவ்வளவுதான்.

அத்தை: சாப்பாடு?