கலாபகோஸ் கப்பல்: எந்தச் சுற்று எடுக்கலாம்?

வெள்ளவத்தை_வாசி: எக்குவடோரின் கலாபகோஸ் தீவுகளுக்கு ஆகஸ்டில் எட்டு நாள். எரிமலை நிலமும் பறக்காத நீர்க்காகமும்தான் முக்கியம். பெரிய கப்பலா, சின்னதா? இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி என்ன செய்ய வேணும்?

கடலோடி: கப்பலைப் பிறகு பாருங்கோ, முதல்ல சுற்று. போன இடத்துக்கே ஒரு கப்பல் 14 நாளுக்குள்ள திரும்பப் போக ஏலாது. அதால ஒரே கப்பலுக்கும் கிழமைக்குக் கிழமை வழி மாறும். பறக்காத நீர்க்காகம் பெர்னாண்டினா, இசபெலா எண்ட மேற்குத் தீவு இரண்டிலயும் மட்டும்தான். மேற்குச் சுற்றை எடுங்கோ. பட்டியல்ல பெர்னாண்டினாவில இறங்கிற இடமான புன்டா எஸ்பினோசா இருக்கோ எண்டு கட்டாயம் பாருங்கோ. 2024 மார்ச்சில வெடிச்ச லா கும்ப்ரே எரிமலை அந்தத் தீவிலதான். வடம் முறுக்கின மாதிரி உறைஞ்ச லாவா பாக்க சந்தியாகோ தீவின் சலிவன் குடா நல்லது, ஆனா எல்லா மேற்குச் சுற்றிலயும் அது வராது. அல்பட்ரோஸ் எண்ட பெரிய கடற்பறவையும் வேணுமெண்டா அது எஸ்பஞோலா தீவு, தென்கிழக்கு மூலை. எட்டு நாளில இரண்டுக்கும் ஆசைப்படாதேங்கோ.

வழிகாட்டி ஒருவருக்கு 16 பேர்தான் கணக்கு. 16 பேர் கப்பலில எல்லாரும் ஒண்டா இறங்கலாம். 100 பேர் கப்பலில குழு குழுவா இறக்குவினம், ஆனா ஆட்டம் குறைவு. ஆகஸ்ட் கடல் குழப்படி. சின்னக் கப்பலெண்டா கீழ்த்தட்டில நடு அறை கேளுங்கோ. வாந்திக் குளிசையைக் கப்பல் வெளிக்கிட முன்னமே போட வேணும். சத்தி தொடங்கினாப் பிறகு போட்டா அது வயித்தில நிக்காது.

கறுப்புமணல்: லாவாவில் ரப்பர் செருப்பு சரிவராது, கூர் விளிம்பு அடியைக் கிழித்துவிடும். தடித்த அடியுள்ள மூடிய சப்பாத்து ஒன்று, முழங்காலளவு தண்ணீரில் இறங்க வார் வைத்த செருப்பு ஒன்று. மேற்கில் ஆழ்கடல் குளிர்நீர் மேலே வருவதால், நீந்துவதென்றால் 5 மில்லிமீற்றர் நீச்சலுடை கேளுங்கள். விலங்குகளிடமிருந்து 2 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பிளாஷ், ட்ரோன் இரண்டும் கூடாது.

பொரளைச்சந்தி: எக்குவடோர் விசா எடுக்கிறது ஒரு பக்கம். பலர் சறுக்குவது வழியில விமானம் மாறுற இடத்தில. மட்ரிட், ஆம்ஸ்டர்டாம் வழியெண்டா விமான நிலையத்தை விட்டு வெளியில வராட்டியும் எங்கட பாஸ்போர்ட்டுக்கு ட்ரான்சிட் விசா வேணும். செல்லுபடியான அமெரிக்க விசா இருந்தா விலக்கு. அமெரிக்கா வழியெண்டா அந்த நாட்டு விசாவே வேணும்.

மஞ்சட் காய்ச்சல் ஊசி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில (எம்.ஆர்.ஐ.). திரும்பி வரேக்க கட்டுநாயக்காவில ஊசி அட்டை கேப்பினம். ஊசி போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் அட்டை செல்லும், கடைசிக் கிழமைக்கு வைக்காதேங்கோ.

பூங்காக் கட்டணம் 200 டொலர், தீவுக்குள்ள போற அனுமதி அட்டை 20, காசாவே வைச்சிருங்கோ. பையில பழம், விதை இருந்தா பறிப்பினம்.

வெள்ளவத்தை_வாசி: சார்ஜர்?

பொரளைச்சந்தி: அங்க 120 வோல்ற், தட்டை முள். சார்ஜரில 100-240 எண்டு போட்டிருந்தா அடாப்டர் மட்டும் காணும். எங்கட 230 வோல்ற் முடி அயர்ன் அங்க சரியாச் சூடேறாது.